பழைய சின்ன விமானத்தை விற்கிறேன்: ஓவர்ஹால் செய்துவிட்டு விற்பதா, அப்படியே விற்பதா?

கேள்வி, 2024 மார்ச் 9

கலிஃபோர்னியாவில், சான் மார்ட்டின் ஏர்போர்ட்டில் 1968 பைப்பர் செரோக்கி 140 ஒன்று என் பெயரில் நிற்கிறது. இரண்டு வருஷமாகப் பறக்கவில்லை. ஆனுவல் என்கிற வருடாந்தரப் பரிசோதனை காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இரண்டாவது குழந்தை வந்தபிறகு நேரமே இல்லை, விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். இன்ஜினை ஓவர்ஹால் செய்து (முழுசாகப் பிரித்துப் புதுப்பித்து), புது பெயிண்ட் அடித்து விற்றால் நல்ல விலை வரும் என்பது என் கணக்கு. வீட்டை விற்கும்போது வெள்ளையடித்துத்தானே விற்கிறோம்? விற்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில், மார்ச் 9, இரவு

வேண்டாம் தம்பி. இன்ஜினிலும் கை வைக்காதீங்க, பெயிண்டிலும் கை வைக்காதீங்க. விரிவாக நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீங்க.

மார்ச் 10

போன அக்டோபரில் என் செஸ்னா 172-ஐ விற்றேன். 1975 மாடல், 172எம், 150 குதிரைத்திறன் லைகமிங் ஓ-320 இன்ஜின். உங்கள் செரோக்கியில் இருப்பதும் அதே குடும்பத்து இன்ஜின்தான். எட்டு வருஷம் ரீட்-ஹில்வியூவில் வைத்திருந்தேன். விற்று முடிக்க ஏழு மாசம் ஆனது. அதில் ஐந்து மாசம் நான் செய்த தப்புகளால் போனது. அதனால்தான் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஓவர்ஹால் யோசனை எனக்கும் வந்தது. என் இன்ஜின் 1,700 மணி ஓடியிருந்தது. இன்ஜினைச் செய்யும் லைகமிங், ஓவர்ஹாலுக்குச் சொல்லும் கணக்கு 2,000 மணி அல்லது 12 வருஷம். சொந்த உபயோகத்துக்குப் பறப்பவர்களுக்கு அது பரிந்துரைதான், கட்டாயம் கிடையாது. இருந்தாலும் வாங்க வருகிறவர் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார். எனக்குக் கிடைத்த எஸ்டிமேட் 34,000 டாலர், காத்திருப்பு ஆறு மாசம். அவ்வளவையும் போட்டிருந்தால் அதில் பாதிகூட விற்பனை விலையில் திரும்பியிருக்காது.

காரணம் எளிது. விற்பதற்காகச் செய்த ஓவர்ஹாலை யாரும் முழு மனசோடு நம்புவதில்லை. விற்றுவிட்டுப் போகிறவன் எந்தக் கடையைத் தேடுவான், எந்தப் பாகத்தை மாற்றாமல் விடுவான் என்று வாங்குகிறவருக்குத் தெரியாதா? ஓவர்ஹாலில் நடந்த கைப்பிழை எதுவானாலும் பெரும்பாலும் முதல் ஐம்பது நூறு மணி நேரத்தில்தான் தலைகாட்டும். அந்த ஆபத்தான நேரத்தை அவர் தலையில் கட்டிவிட்டு, அதற்கு அதிக விலையும் கேட்கிறோம். மணி நேரம் ஏறிய இன்ஜினைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், அவர் ஓட்டும்வரை ஓட்டிவிட்டுத் தனக்குப் பிடித்த இடத்தில் தன் காசில் செய்துகொள்வார். அதுதான் அவருக்கும் பிடிக்கும்.

பெயிண்ட் விஷயம் இன்னும் மோசம். வீட்டில் புது வெள்ளையைப் பார்த்தால் மனசு குளிரும். விமானத்தில் புது பெயிண்டைப் பார்த்தால், கீழே அலுமினியத்தில் என்ன அரிப்பு இருந்ததோ என்றுதான் தோன்றும். தவிர, சிறகின் அசையும் பாகங்களுக்கு மறுபடி பெயிண்ட் அடித்தால் எடைச் சமநிலையையும் மறுபடி சரிபார்த்து லாக்புக் என்கிற பராமரிப்புப் பதிவேட்டில் எழுத வேண்டும். அது இல்லாமல் பளபளவென்று நிற்கும் விமானம், விஷயம் தெரிந்தவரைத் துரத்திவிடும்.

கழுவுங்கள். உள்ளே வாக்யூம் போடுங்கள். கண்ணாடியைத் துடையுங்கள். போதும்.

மார்ச் 11

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன், அதுதான் உங்களுக்கு முக்கியம். லைகமிங்கில், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் இருப்பது கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே, இன்ஜினின் உச்சியில். ஓடாமல் நின்றால் எண்ணெய் முழுக்கக் கீழே வடிந்துவிடும். கேம் காய்ந்து, ஈரக்காற்றில் மெல்லிசாகத் துருப்பிடிக்கும். பிறகு ஸ்டார்ட் செய்யும்போது அந்தத் துரு அரத்தூள் மாதிரி வேலை செய்து, கேமின் மேல் உரசும் லிஃப்டரைத் தின்றுவிடும். இரண்டு வருஷம் நின்றது என்று கேட்டதும் வாங்குகிறவருக்கு இதுதான் ஞாபகம் வரும்.

அதனால் போய் ‘ஓடுகிறதா பார்க்கலாம்’ என்று ஸ்டார்ட் போட்டுவிடாதீங்க. முதலில் மெக்கானிக் வந்து ஒரு சிலிண்டரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கேமைப் பார்க்கட்டும். செலவுதான். ஆனால் கேம் சுத்தமாக இருந்தால் அந்த ஃபோட்டோ ஒன்றே உங்கள் விளம்பரத்தைத் தூக்கிவிடும். துரு இருந்தால் அதையும் தெரிந்துகொண்டு விலை சொல்லலாம்.

மார்ச் 17

இன்றைக்கு லாக்புக். ஏர்ஃப்ரேம் (விமானத்தின் உடல்), இன்ஜின், ப்ரொப்பெல்லர் என்று மூன்றையும் எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை நீங்களே படியுங்கள். எட்டு வருஷம் வைத்திருந்தும் நான் என் விமானத்தின் பழைய லாக்புக்கை விற்கும் முன்தான் முழுசாகப் படித்தேன்.

அதில் 1983-இல் ஒரு வரி: மூக்குச் சக்கரம் மடங்கிய விபத்து, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) தகடு மாற்றம், ப்ரொப்பெல்லர் தரையில் பட்டதால் இன்ஜின் பிரிப்பு. 172-களில் இது சகஜம். மூக்கைக் குத்தி இறங்கினால் அந்த அடி நேராக ஃபயர்வாலுக்குத்தான் போகும். வேலை ஒழுங்காகச் செய்து, பெரிய ரிப்பேருக்கான 337 படிவமும் போட்டிருந்தார்கள். 40 வருஷம் ஆன சங்கதி. என் முதல் விளம்பரத்தில் “30 வருஷமாக எந்த அடியும் கிடையாது” என்று எழுதினேன். எழுத்துப்படி உண்மைதான்.

வாரக்கடைசி ஒன்றில் லிவர்மோரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வாய் திறக்கவில்லை. மேல் கவுலிங்கை, அதாவது இன்ஜின் மூடியைத் திறக்கச் சொன்னார், கையோடு கொண்டுவந்த டார்ச்சை ஃபயர்வாலின் கீழ் ஓரத்தில் அடித்தார். அங்கே ஒரு வரிசை ரிவெட் மட்டும் தலை கொஞ்சம் பெரிசு, நிறமும் வேறு. விரலால் அந்த வரிசையைத் தடவிக்கொண்டே போய், “இது எப்போ?” என்று கேட்டார். 1983 என்றேன். “விளம்பரத்துல இல்லையே” என்றார். அவ்வளவுதான், கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். அந்த ரிவெட் வேலையில் ஒரு குறையும் கிடையாது. நான் எழுதிய வரியில்தான் குறை.

அன்றைக்கு ராத்திரியே விளம்பரத்தை மாற்றினேன். முதல் பத்தியிலேயே 1983 விபத்து, என்ன உடைந்தது, யார் சரிசெய்தது, 337 படிவத்தின் படம். ஃபோன் வருவது பாதியாகக் குறைந்தது. ஆனால் பிறகு பேசியவர்கள் எல்லாரும் வாங்குகிற மாதிரி பேசினார்கள்.

இன்னொன்று. விமானத்தின் முழுப் பதிவுகளையும் அமெரிக்க விமானத் துறையான எஃப்ஏஏ-விடம் கேட்டு வாங்கலாம், சொற்பக் காசுதான். யார் யாரிடம் இருந்தது, எந்த 337 எப்போது போட்டது, கடன் ஏதும் பதிவாகியிருக்கிறதா, எல்லாம் அதில் இருக்கும். வாங்குகிறவர் எப்படியும் அதைப் பார்ப்பார். அவருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுங்கள். இதன் அருமை பின்னால் எழுதும்போது புரியும்.

மார்ச் 18

லாக்புக்கை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி, கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். அசல் மட்டும் உங்கள் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது. மெக்கானிக் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே எடுத்துப் போய், கூடவே இருந்து, திரும்ப எடுத்து வாருங்கள். லாக்புக் தொலைந்த விமானத்தின் விலை கண்முன்னே சரியும், எவ்வளவு நல்ல விமானமாக இருந்தாலும்.

ஏப்ரல் 7

விலை கேட்டிருந்தீர்கள். நான் 2015-இல் 36,000-க்கு வாங்கியது 68,500-க்குப் போனது. என் சாமர்த்தியம் எதுவும் அதில் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பழைய விமானங்களின் விலை மொத்தமாக ஏறிவிட்டது. செஸ்னா 1986-இல் சின்ன விமானத் தயாரிப்பையே நிறுத்தி, பத்து வருஷம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். இதுவரை 44,000-க்கு மேல் 172 செய்திருக்கிறார்கள், அதில் பெரும்பகுதி அந்த நிறுத்தத்துக்கு முந்தியது. புதிய விமானம் சாதாரண ஆளின் கைக்கு எட்டாது. ஐம்பது வயசான அலுமினியத்துக்கு இன்றும் கிராக்கி இருப்பது அதனால்தான்.

விளம்பர விலைகளை நம்பாதீங்க. விளம்பரத் தளங்களான ட்ரேட்-எ-ப்ளேனிலும் கன்ட்ரோலரிலும் பார்ப்பது கேட்கிற விலை, விற்ற விலை அது கிடையாது. மாசக்கணக்கில் அங்கேயே நிற்பதைப் பார்த்தாலே தெரியும். நான் முதலில் வைத்தது 79,000. ஒரு வாரத்தில் பதினைந்து ஃபோன், ஒருவரும் நேரில் வரவில்லை. 72,000 ஆக்கியதும்தான் ஆட்கள் வந்தார்கள்.

உங்கள் விமானத்தில் ஏடிஎஸ்-பி (விமானம் இருக்கும் இடத்தைத் தானாக அறிவிக்கும் கருவி) இருக்கிறதா? நீங்கள் சொல்லவேயில்லை. 2020 ஜனவரி 1 முதல் பெரிய ஏர்போர்ட்களைச் சுற்றியுள்ள வான்வெளிக்கு அது கட்டாயம். நம் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் அது இல்லாமல் நிம்மதியாகப் பறக்க முடியாது. இல்லையென்றால் அந்தச் செலவை விலையிலேயே கழித்துவிடுங்கள், விற்பதற்காகப் போய்ப் பொருத்தாதீங்க.

ஏப்ரல் 9

முந்தாநாள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். எதிலும் கை வைக்காதீங்க என்று நான் மார்ச்சில் அடித்துச் சொன்னதில் ஒரு திருத்தம். ஆனுவல் மட்டும் செய்துவிடுங்கள்.

என் விமானத்துக்கு ஆனுவல் நடப்பில் இருந்ததால் இதை நான் யோசிக்கவே இல்லை. ஆனுவல் காலாவதியானால் அது பறக்கக்கூடாத விமானம். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்க முடியாது. எடுத்துப்போக வேண்டுமென்றால் எஃப்ஏஏ வட்டார அலுவலகத்தில் ஃபெர்ரி பெர்மிட் என்கிற தனி அனுமதி வாங்க வேண்டும், அந்த ஒரு பயணத்துக்குப் பாதுகாப்பு என்று மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும். கடன் வாங்கி வாங்குகிறவர்கள் வரவே மாட்டார்கள். மிச்சமிருப்பது அடிமாட்டு விலைக்குக் கேட்கிறவர்கள்தான்.

ஆனால் உங்கள் நண்பரின் நண்பர் யாரோ ஒருவர் அரைநாளில் முடித்துக் கொடுக்கும் ஆனுவல் வேண்டாம். வாங்குகிறவர் கொண்டுவரும் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

ஏப்ரல் 21

இந்தப் பகுதியில் நம் ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள் என்று தெரிகிறது, அதனால் இதை எழுதியே ஆகவேண்டும்.

ஜூலையில் ஃப்ரீமான்டிலிருந்து ஒரு தம்பி வந்தார். திருநெல்வேலிப் பக்கம். மனைவி, நாலு வயசுப் பையனோடு வந்தார். பையன் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தவன் இறங்க மாட்டேன் என்கிறான். தம்பி லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம், பணம் ரெடி, விலை பேசவே இல்லை. “அண்ணா, இதையே எடுத்துக்கறேன்” என்றார். எனக்கும் மனசு நிறைந்துவிட்டது. பேச்சுவாக்கில்தான், “க்ரீன் கார்டு எப்போ வந்துச்சு?” என்று கேட்டேன். வரவில்லை, ஹெச்-1பி என்றார்.

அமெரிக்காவில் விமானத்தைத் தன் பெயரில் பதிய குடியுரிமை வேண்டும், அல்லது க்ரீன் கார்டு வேண்டும். ஹெச்-1பி போதாது. கார் மாதிரி கிடையாது இது. இது தெரியாமல் பதிந்துவிட்டால் அந்தப் பதிவே செல்லாது. பதிவு செல்லாத விமானத்தில் ஏதாவது ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் என்ன சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். கூட்டாளியாகச் சேர்ந்து பெயரைப் போடலாமா என்றால், அந்தக் கூட்டிலும் எல்லாரும் தகுதியானவர்களாக இருக்க வேண்டும். ட்ரஸ்ட் வைத்து அதன் பெயரில் பதிகிற வழி ஒன்று உண்டு. வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும், வக்கீலைக் கேட்காமல் இறங்கக்கூடாது.

அந்தத் தம்பி கேட்டதும் அப்படியே விமானத்தின் சிறகைப் பிடித்துக்கொண்டு நின்றார். க்ரீன் கார்டு வரிசையில் அவர் இடம் எங்கே இருக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். நான் விற்றிருந்தால் எனக்குப் பணம் வந்திருக்கும், மாட்டிக்கொள்வது அவர்தான். ஃப்ளையிங் கிளப் ஒன்றில் சேருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சேர்ந்துவிட்டார். இன்றும் ஃபோன் செய்வார்.

விற்கிறவர் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர் இல்லை என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டப்படி இல்லாமல் இருக்கலாம். நான் கேட்பேன்.

ஏப்ரல் 22

செக் மோசடி பற்றி: விமானத்தைப் பார்க்காமலே முழு விலைக்குச் சம்மதித்து, கூடுதல் தொகைக்குக் கேஷியர்ஸ் செக் என்று ஒரு வங்கிக் காசோலை அனுப்பி, மிச்சத்தை ‘ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு’ அனுப்பச் சொன்னால், அது திருட்டு. எனக்கு மூன்று முறை வந்தது. மூன்றுமே விளம்பரம் போட்ட முதல் வாரத்தில்.

மே 12

ப்ரீ-பை, அதாவது வாங்கும் முன் செய்யும் பரிசோதனை. இதற்கு எஃப்ஏஏ சட்டத்தில் விளக்கமே கிடையாது. என்னென்ன பார்ப்பது என்பதை நீங்களும் வாங்குகிறவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வாங்குகிறவர் “ப்ரீ-பைக்குப் பதிலா என் மெக்கானிக்கை வெச்சு ஆனுவலே செஞ்சிடறேன்” என்று கேட்பார். காதுக்கு நல்லதாக இருக்கும். உடனே ஒத்துக்கொள்ளாதீங்க. ஆனுவல் என்று ஆரம்பித்து, பறக்கத் தகுதியில்லாத ஒன்றை அந்த மெக்கானிக் எழுதிவிட்டால், அதைச் சரிசெய்யும்வரை விமானம் அங்கேயே நிற்கும், ஊர் தெரியாத ஒரு ஹேங்கரில். வாங்குகிறவர் கழன்றுகொள்வார். முதலில் ப்ரீ-பையாகப் பார்க்கட்டும். பிடித்து, கையெழுத்தாகி, பணம் எஸ்க்ரோவுக்கு (விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் தரப்புக்கு) வந்தபிறகு அதையே ஆனுவலாக முடித்துக்கொள்ளட்டும். பறக்கத் தகுதி சம்பந்தப்பட்ட பழுது எது வந்தாலும் என் செலவு, மற்றதெல்லாம் அவர் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று நான் எழுதிக்கொண்டேன். இதனால் பின்னால் ஒரு சண்டையும் வரவில்லை.

என் ப்ரீ-பை நடந்த நாள் நானும் கூடவே நின்றேன். முதலில் கம்ப்ரெஷன். 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டு எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பது. முதல் மூன்று சிலிண்டர் 76, 74, 75. நாலாவது 61. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த மெக்கானிக் பதறவில்லை. காற்று எங்கே போகிறது என்று கேட்கலாம் என்றார். சைலன்சர் குழாயில் காதை வைத்தார்: சத்தமில்லை, எக்ஸாஸ்ட் வால்வு சரி. கார்புரேட்டர் பக்கம்: சத்தமில்லை, இன்டேக் வால்வும் சரி. ஆயில் ஊற்றும் வாயைத் திறந்ததும் ‘உஸ்ஸ்’ என்று வந்தது. ரிங் வழியாகப் போகிறது. “ஒரு ரவுண்ட் பறந்துட்டு வாங்க, சூட்டோட பாக்கலாம்” என்றார். பறந்துவிட்டு வந்து அளந்தால் 72. ரிங்குகளின் இடைவெளி ஒரே நேர்கோட்டில் வந்து நின்றிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு போரோஸ்கோப் என்கிற குட்டிக் கேமராவை உள்ளே விட்டு எக்ஸாஸ்ட் வால்வுகளைக் காட்டினார். நல்ல வால்வு, சீராக வெந்த தோசை மாதிரி இருக்கும். நடுவில் ஒரு நிறம், சுற்றி வட்டமாக இன்னொரு நிறம். ஒரு ஓரம் மட்டும் வெளிறிய பச்சை நிறமாகத் தெரிந்தால் அந்த இடம் தீய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். என் நாலும் வட்டமாக இருந்தன. அந்தப் படங்களை நான் இன்னும் ஃபோனில் வைத்திருக்கிறேன்.

மே 13

சீட் நகரும் தண்டவாளமான சீட் ரெயிலையும் ப்ரீ-பையில் பார்ப்பார்களா என்று கேட்டவருக்கு: ஆமாம், செஸ்னாவில் கட்டாயம் பார்ப்பார்கள். 2011-10-09 என்ற ஏர்வொர்தினஸ் டைரக்டிவ், அதாவது எஃப்ஏஏ-வின் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவு. சீட்டை நிறுத்தும் ஊசி விழுகிற துளைகள், வருஷக்கணக்கில் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். டேக்-ஆஃபில் மூக்கு தூக்கும்போது ஊசி நழுவி, சீட் அப்படியே பின்னால் ஓடினால், பைலட் பிடிமானத்துக்குக் கண்ட்ரோலைப் பிடித்து இழுத்துவிடுவார். ஆட்கள் செத்திருக்கிறார்கள். என் விமானத்தில் இடது பக்க ரெயிலில் இரண்டு துளை அளவைத் தாண்டியிருந்தது. அன்றைக்கே புது ரெயில் வாங்கிப் போட்டேன், என் செலவில். அதுவரை எட்டு வருஷம் என் பெண்டாட்டி பிள்ளைகளை அதில் ஏற்றிப் பறந்திருக்கிறேன். அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. செஸ்னா வைத்திருக்கிறவர்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த வாரம் போய் அந்தத் துளைகளைப் பாருங்கள்.

செரோக்கிக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதற்கு வேறு டைரக்டிவ் பட்டியல் உண்டு. ஒவ்வொன்றும் எப்போது, யார் செய்தது என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள்.

ஜூன் 2

பதிவுகளைக் கேட்டு வாங்குங்கள் என்று மார்ச்சில் சொன்னேனே, அதன் காரணம். எல்லாம் பேசி முடித்து, பணம் எஸ்க்ரோவுக்கு வந்தபிறகு, ஓக்லஹோமா சிட்டியிலுள்ள எஃப்ஏஏ பதிவேட்டில் டைட்டில் (உரிமை, வில்லங்கம்) தேடினார்கள். 1981-இல் விமானத்தின் பழைய உரிமையாளர் யாரோ வாங்கிய வங்கிக் கடன் இன்னும் தீராததாகப் பதிவில் நிற்கிறது. கடன் எப்போதோ கட்டியாகிவிட்டது, விடுவிப்புக் காகிதத்தை யாரும் அனுப்பவில்லை. அந்த வங்கியே எண்பதுகளில் மூடிப்போனது. நான் 2015-இல் வாங்கியபோது டைட்டில் தேடவில்லை. தெரிந்தவரிடம் வாங்குகிறோமே என்று விட்டுவிட்டேன்.

மூடிய வங்கிகளின் காகிதங்களைப் பார்த்துக்கொள்வது எஃப்டிஐசி என்கிற மத்திய டெபாசிட் இன்ஷூரன்ஸ் நிறுவனம். அவர்களுக்கு எழுதி, விடுவிப்பு வாங்கி, பதிய ஆறு வாரம். வாங்குகிறவர் நல்ல மனுஷர், காத்திருந்தார். இன்னொருவராக இருந்தால் போயிருப்பார். தம்பி, நீங்கள் இன்றைக்கே தேடச் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4

ரொம்ப நாளாக எழுதவில்லை, ஊருக்குப் போயிருந்தேன். ஆனுவல் முடிந்தது, கேமில் துரு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கே ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருக்கிறது. இனி வாரம் ஒருமுறையாவது அரைமணி, ஒரு மணி பறக்க விடுங்கள். தரையில் வைத்து ஓட்டினால் போதாது. எண்ணெய் நன்றாகச் சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவது பறக்கும்போதுதான்.

எந்த எரிபொருள் போடுவது என்ற கேள்விக்கு: சான் மார்ட்டினிலும் ரீட்-ஹில்வியூவிலும் 2022 ஜனவரி 1 முதல் ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல் விற்பதைக் கவுண்டி நிர்வாகம் நிறுத்திவிட்டது. உங்களுடையது குறைந்த அழுத்த இன்ஜின், ஈயம் இல்லாத யுஎல்94 போதும். அதற்கான அனுமதிக் காகிதம் விமானத்தின் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விளம்பரத்தில் போடுங்கள், இந்தப் பக்கத்தில் அது ஒரு ப்ளஸ் பாயிண்ட்.

ஓட்டிப் பார்க்க வருகிறவரை எந்தச் சீட்டில் உட்கார வைப்பது? நான் இடது, அவர் வலது. பொறுப்புள்ள பைலட் நான்தான். இன்ஷூரன்ஸில் யார் யார் ஓட்டலாம் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் படியுங்கள். லாக்புக் பிடிஎஃப்பைப் படித்து, விலைக்கு ஏறக்குறைய ஒத்துவந்தவரைத் தவிர யாரையும் ஏற்றாதீங்க. சும்மா ஒரு ரவுண்ட் போக ஆசைப்பட்டு வருகிறவர்கள் நிறைய.

செப்டம்பர் 15

பில் ஆஃப் சேல், அதாவது விற்பனைப் பத்திரம். எஃப்ஏஏ 8050-2 படிவம், ஒரே பக்கம். விலை எழுதும் இடத்தில் ‘ஒரு டாலரும் இதர மதிப்பும்’ என்று போடுவது வழக்கம், அதில் தப்பில்லை. உண்மையான விலை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். ஒருவர் என்னிடம் ஒப்பந்தத்தையும் 40,000 என்று எழுதித் தரச் சொன்னார், கலிஃபோர்னியா யூஸ் டாக்ஸை மிச்சம் பிடிக்க. முடியாது என்றேன். அந்த வரி அவர் கட்ட வேண்டியது, ஆனால் பொய்க் காகிதத்தில் இருக்கப் போவது என் கையெழுத்து.

நம் ஆட்களுக்கு முக்கியமானது பெயர். பதிவில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து பிசகாமல் பில்லிலும் இருக்க வேண்டும். நான் வாங்கியபோது பெயருக்கு முன்னால் இன்ஷியல். 2018-இல் சிட்டிசன் ஆனபோது அப்பா பெயரை முழுசாக விரித்துக்கொண்டேன். பழக்கதோஷத்தில் புதுப் பெயரிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டேன். எஸ்க்ரோ ஆபீஸில் வேலை பார்க்கும் ஒரு அம்மா பார்த்துப் பிடித்தார், இல்லையென்றால் அது திரும்பி வந்திருக்கும். பழைய பெயர், புதுப் பெயர் இரண்டையும் குறிப்பிட்டு, பெயர் மாறியதற்கான காகிதத்தின் நகலையும் வைத்து மறுபடி போட்டோம். உங்கள் பதிவுச் சான்றிதழை இன்றைக்கே எடுத்து, பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

செப்டம்பர் 16

புதுப் பதிவுக்குக் கட்டணம் 5 டாலர், அது வாங்குகிறவர் பாடு. பதிவு 7 வருஷம் செல்லும், 2023 ஜனவரியில் 3-லிருந்து நீட்டினார்கள். நீங்கள் செய்ய வேண்டியது: உங்கள் சான்றிதழின் பின்பக்கத்தில் யாருக்கு விற்றீர்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டு எஃப்ஏஏ-வுக்கு அனுப்புவது. இதை அனுப்பாமல் விட்ட என் நண்பருக்கு, விமானத்தின் புது உரிமையாளர் செய்த தப்புக்கு எட்டு மாசம் கழித்து விசாரணைக் கடிதம் வந்தது. இன்ஷூரன்ஸையும் பணம் கைக்கு வந்து, சாவி கை மாறிய பிறகே ரத்து செய்யுங்கள், ஒரு மணி நேரம்கூட முந்த வேண்டாம்.

நவம்பர் 23

விற்றாகிவிட்டது என்ற செய்தி பார்த்தேன். ரொம்ப சந்தோஷம். சாவியைக் கொடுத்துவிட்டு ஏர்போர்ட் வேலிக்கு வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் வாங்கியவர் ஓடுபாதையில் கொஞ்சம் நேரம் அதிகமாகவே ஓடினார், எனக்குக் கால் தானாகப் பெடலை அழுத்தியது. தூக்கிவிட்டார்.

லாபம் பற்றி: வாங்கிய விலைக்கு மேல் வந்த தொகைக்கு மூலதன ஆதாய வரி உண்டு. நஷ்டமாகியிருந்தால் சொந்த உபயோக விமானத்துக்கு அதைக் கழிக்க முடியாது. ஓவர்ஹால் மாதிரி பெரிய செலவுகளின் பில் எல்லாம் இருந்தால் கணக்காளரிடம் கொடுங்கள், வாங்கிய விலையோடு எதைச் சேர்க்கலாம் என்று அவர் சொல்வார்.

டிசம்பர் 8

ஒன்றே ஒன்று பாக்கி. கலிஃபோர்னியாவில் விமானத்துக்குக் கவுண்டி வருஷா வருஷம் சொத்து வரி போடும். ஜனவரி 1-ஆம் தேதி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. நீங்கள் நவம்பரில் விற்றது அந்த வரியைப் போடும் அசெஸர் அலுவலகத்துக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று இருக்காதீங்க. பில் ஆஃப் சேல் நகல், விற்ற தேதி, வாங்கியவர் பெயர், முகவரி, எல்லாம் வைத்து ஒரு கடிதம் இந்த வாரமே போடுங்கள். டை-டவுன் (விமானத்தைக் கட்டி நிறுத்தும் இடம்) வாடகையும் டிசம்பரோடு நிற்கிறதா என்று ஏர்போர்ட் ஆபீஸில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.